தெர்மொலியில் கை நனைத்த கதை

எனக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். அதுவும் எழுத்துக் கூட்டித்தான். ஆகவே ரொறன்ரோவில் தொங்குகிற ஆங்கிலப் பலகையும் இத்தாலியில் தொங்குகிற இத்தாலியப் பலகையும் எனக்கு ஒரே மாதிரித்தான். இதில் ஒரு வசதி உண்டு. பலகையைப் பார்த்துப் போகிறவர்கள்தான் வழி தவறுவார்கள். நான் ஆளைப் பார்த்துக் கேட்டுப் போகிறவள். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஒஷாவாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு, பனிக்குள்ளும் பஸ் மாறி மாறித் தனியே போய் வருகிறேன். இன்றுவரை தொலைந்ததில்லை.

அதனால்தான் மகன் குகன், "அம்மா, தனிய இத்தாலிக்குப் போவியளோ?" என்று கேட்டபோது, "ஏன், அங்கை மனிசர் இல்லையோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

போன காரியம் பெண் பார்க்க. குகனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவகம் என்று மாடாக உழைத்து, சகோதரிகளைக் கரைசேர்த்து, என்னையும் கூப்பிட்டு எடுத்தவன். தன் கலியாணத்தைப் பற்றி வாயே திறக்காதவன், லண்டனில் ஒரு சிநேகிதனின் கலியாண வீட்டில் சாந்தினி என்ற பெண்ணைக் கண்டுவிட்டு வந்து, மாதக்கணக்காக அவளோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தான். அவள் தகப்பனோடு இத்தாலியில், ஏட்ரியாற்றிக் கடலோரத்தில், தெர்மொலி என்ற சின்னப் பட்டினத்தில் இருக்கிறாள். தாய் இல்லை.

"நீங்கள் போய்ப் பாத்து ஓம் எண்டால் ஓம், அம்மா. இல்லையெண்டால் நான் இனி ஒருத்தியையும் பாக்கமாட்டன்," என்றான். அதில் முதல் பாதி எனக்குப் பிடித்தது. மற்றப் பாதி விமானத்தில் என் மடியில் கல்லாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பேச்சு முற்றாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு மட்டுமல்ல, தேத்தண்ணியும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் வாய்ப்பேச்சுத் தேவையில்லை. ஆகவே அவர்கள் வீட்டில் தங்கமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். கிட்டடியில் ஒரு சின்ன விடுதியைக் குகன் ஒழுங்குபண்ணினான். நான் கைப்பையில் தட்டைவடையும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டேன். பெட்டியில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள். வெறுங்கையோடு பெண் பார்க்கப் போகிற குடும்பமல்ல நாங்கள்.

ரோமில் இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னான் ஓர் அதிகாரி. மிளகாய்த்தூள் பையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். "வேண்டாம் தம்பி," என்று தமிழிலேயே சொன்னேன். கேட்கவில்லை. பிறகு அவன் தும்மின தும்மலுக்குப் பக்கத்து வரிசை அதிகாரியும் எழுந்து வந்து, அவனும் மணந்து பார்த்து, இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிடாத குறையாக வெளியே அனுப்பிவைத்தார்கள்.

ரயில் நிலையத்தில் ரயில்கள் நின்றன. ஆனால் ஓடவில்லை. வேலைநிறுத்தமாம். நம் நாட்டில் வேலைநிறுத்தம் என்றால் ஒரு கூட்டம், ஒரு கோஷம் இருக்கும். இங்கே தொப்பி போட்டவர்கள் சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். "தெர்மொலி, தெர்மொலி" என்று வழியில் கண்டவரையெல்லாம் கேட்டு, ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

என் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் வெள்ளை மீசைக்காரர். நான் கனடா என்றதும் துள்ளி எழுந்தார். அவர் ரொறன்ரோவில் வீடு கட்டுகிற வேலை செய்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினவராம். எனக்கு பஸ்ஸுக்கும் வைத்தியருக்கும் போதுமான இங்கிலீசு உண்டு; அவருக்கும் அவ்வளவுதான். ஆகவே நன்றாகக் கதைத்தோம். "அங்கே குளிர் தாங்க முடியவில்லை, திரும்பி வந்தேன். இங்கே மனைவியைத் தாங்க முடியவில்லை, எங்கே போவது?" என்று கேட்டார். மனைவி முன் ஆசனத்தில்தான் இருந்தார். இங்கிலீசு தெரியாதபோதும், திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பஸ்ஸுக்குள் சண்டை தொடங்கியது. ஒரு பெண் யன்னலைத் திறந்தார். பின்னால் இருந்த பெண் எழும்பிப் பூட்டினார். முதல் பெண் மறுபடி திறந்தார். மீசைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். "காற்றுப் பட்டால் கழுத்துப் பிடித்துவிடும் என்கிறாள் அவள். உன் கழுத்து எப்போது வளைந்தது, இனிப் பிடிக்க என்று கேட்கிறாள் இவள்." முழுப் பஸ்ஸும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சாரதியும் ஸ்ரியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தீர்ப்புச் சொன்னார். நான் கண்ணை மூடி முருகனை நினைத்தேன்.

முருகன் பாதிதான் கேட்டார். மலை இறங்கியபின் ரயர் வெடித்தது. எங்கள் ஸ்காபரோவில் பஸ் நின்றால் எல்லோரும் கைமணிக்கூட்டைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார்கள். வீதியோரத்து ஒலிவ் மரத்துக்குக் கீழே பாண், பாற்கட்டி, தக்காளி எல்லாம் விரிந்தன. யன்னலுக்குச் சண்டைபிடித்த இரண்டு பெண்களும் ஒரே கத்தியால் பாண் வெட்டினார்கள். எனக்கும் நீட்டினார்கள். நான் தட்டைவடையை எடுத்துச் சுற்றிக் கொடுத்தேன். மீசைக்காரர் ஒன்றை முழுதாக வாயில் போட்டு, சிவந்து, கண்ணீர் விட்டு, பேச்சு வராமல் மனைவியைப் பார்த்துக் கையை ஆட்டினார். மனைவி சிரித்த சிரிப்பைப் பார்க்கையில், பல வருசத்துக்குப் பிறகு அவர் வாய் அடங்கினதற்கு எனக்கு நன்றி சொல்கிறார் என்று விளங்கியது.

தெர்மொலிக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. கடலுக்குள் மூக்கு நீட்டினாற்போல ஒரு மேடு. அதைச் சுற்றிக் கல்மதில், மதிலுக்குள் பழைய பட்டினம். மோர்னிங்சைட்டிலிருந்து கொஞ்சத் தூரம் போனால் எங்களுக்கும் பெரிய ஏரி இருக்கிறது. கரை தெரியாத ஏரிதான். ஆனால் அதற்கு உப்பு மணம் இல்லை. இங்கே பஸ்ஸால் இறங்கியதுமே உதட்டில் உப்பு ஒட்டியது.

விடுதிக்காரியின் பெயர் அசுந்தா. என் வயது இருக்கும். கறுப்புச் சட்டை, நரைத்த கொண்டை. எங்களுக்கிடையில் ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லை. இருந்தும் அவர் இத்தாலியனில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, இருவருக்கும் முழங்கால் நோ என்பதும், இருவரும் கணவனை இழந்தவர்கள் என்பதும் பெட்டியைத் திறக்குமுன்னே தெரிந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டைக் கண்டு நான் அசந்துபோனேன். கொண்டைக்கடலை. செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் உள்ளியும் போட்டுத் தாளித்தது. பக்கத்தில் புளிப்பாய்ச் சமைத்த கத்தரிக்காய். இத்தாலியருக்குத் தக்காளியைவிட வேறொன்றும் தெரியாது என்று ஒஷாவா மகள் சொன்னாளே, இங்கே பார் என்று நினைத்தேன். பாணால் சாப்பாட்டுக் கோப்பையைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன். "நீரோ சமைச்சது?" என்று கையால் கேட்டேன். அசுந்தா சிரித்து, அகப்பையால் குசினிக் கதவைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். சொன்னது எனக்கு விளங்கவில்லை. ருசி விளங்கியது, அது போதும் என்று போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை பெண்ணின் தகப்பன் தம்பிராசா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என்னைவிடப் பத்து வயது இளமை இருக்கும். வெயிலில் காய்ந்த மெல்லிய மனிசன். விடுதிக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை. ஒழுங்கை என்று சொல்லலாமோ தெரியாது. இரண்டு சுவருக்கிடையில் விடுபட்ட இடம். ஓர் ஆள் போகலாம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்னால் போகவேண்டும்.

"இஞ்சை ஆர் அக்கா பின்னுக்குப் போறது எண்டு பெரிய சண்டையெல்லாம் நடக்கும்," என்றார் தம்பிராசா.

"நான் ஒருநாளும் போகமாட்டன்," என்றேன்.

வீடு மேல்மாடியில். யன்னல் முழுக்கக் கடல். சுவரில் முருகன் படம். பக்கத்தில் மீன்கடைக்காரன் கொடுத்த கலண்டரில் ஒரு வெள்ளைக்காரப் புனிதர். இருவரும் ஒற்றுமையாகவே இருந்தார்கள். சாந்தினி வந்து "வாங்கோ அன்ரி" என்றாள். குகன் காட்டிய படத்தில் சிரிக்காத பெண். நேரில் கண்ணெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றாள், ஏதோ ஒரு பகிடியை எனக்குச் சொல்ல வைத்திருப்பவள்போல. பத்து வயதில் ஊரைவிட்டு வந்தவளாம். ஆனாலும் தமிழ் கெடவில்லை. எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் பிடித்ததை முதல்நாளே காட்டுகிற ஆளல்ல நான்.

மேசையில் வடை, பாயசம், ஏலக்காய் மணக்கிற தேத்தண்ணி. சாந்தினி தேத்தண்ணியை நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை."

"பாயசம்?"

"வேண்டாம்."

"பயணம் வந்த களை. தண்ணியாவது குடியுங்கோ அன்ரி."

"தண்ணியும் வேண்டாம்."

அவள் கண்ணில் இருந்த சிரிப்பு விளக்கு நூர்ந்ததுபோல நின்றது. தம்பிராசா குறுக்கே வந்து, "பிள்ளை, அது அக்கா வழக்கத்துக்காண்டி..." என்று தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை.

"ராத்திரி அசுந்தா வீட்டிலை கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டனீங்களாம். அங்கை சமையல்காரி நான்தான். நீங்கள் வாறியள் எண்டுதான் கடலையைத் தாளிச்சனான். அசுந்தா ரெலிபோன் எடுத்துச் சொல்லிச் சிரிச்சவ. என்ரை கையாலை அங்கை திண்டால் சரி, என்ரை வீட்டிலை தண்ணி குடிச்சால் தீட்டோ?"

நான் தம்பிராசாவைப் பார்த்தேன்; அவர் நிலத்தைப் பார்த்தார்.

"இதை நான் குகனிட்டைச் சொல்லுவன். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். எங்கடை கிளாஸைத் தொடமாட்டாத வீட்டுக்கு நான் வந்து என்ன செய்யிறது?"

"சாந்தினி!" என்று தகப்பன் அதட்டினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

அப்படியல்ல பிள்ளை, இப்படி என்று அந்தக் கதவடியில் நின்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வயதுவரை நான் செய்த எதற்கும் ஒருவருக்கும் விளக்கம் சொன்னதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அன்றிரவு விடுதியில் சாப்பாடு அசுந்தாவின் சமையல். அவித்த மக்கறோனி, மேலே கொஞ்சம் எண்ணெய். உறைப்பில்லை, தாளிதமில்லை. குசினி இருட்டாக இருந்தது. அசுந்தா என் முன்னால் இருந்து, குசினியைக் காட்டி, என்னைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கேட்டார்: என்ன செய்தாய்? இத்தாலியனில் ஒரு சொல்லும் தெரியாமலே அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. வழக்கத்தைக் காத்தேன், மகனின் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று கையால் எப்படிச் சொல்வது? குகன் இனி ஒருத்தியையும் பார்க்கமாட்டேன் என்றவன். சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவன். மக்கறோனிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியான பஸ்ஸில் நான் ரோமுக்குத் திரும்பவேண்டும். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். அங்கே கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு மரப்பரண் இருக்கிறது, திரபுக்கோ என்கிறார்கள். நீண்ட தடிகளை வானத்துக்கு நீட்டி, அவற்றில் பெரிய வலையைத் தொங்கவிட்டு, சில்லைச் சுற்றித் தண்ணீருக்குள் இறக்கி, பிறகு தூக்குவார்கள். வள்ளம் வேண்டாம், அலைக்குப் பயம் வேண்டாம். வீட்டு விறாந்தையில் இருந்து மீன் பிடிப்பதுபோல. அதில்தான் தம்பிராசாவுக்கு வேலை.

என்னைக் கண்டதும் சில்லை விட்டுவிட்டு வந்தார். "இருங்கோ அக்கா," என்று ஒரு கயிற்றுக் குவியலைக் காட்டினார். இருந்தேன். கொஞ்சநேரம் இருவரும் வலையைப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத எதிர்க்கரைப் பக்கம் கையைக் காட்டி, "அங்காலை நாட்டிலையும் எங்கடை ஊர் மாதிரிச் சண்டைதான் நடந்தது. இப்பதான் ஓய்ஞ்சது. அங்கையிருந்து சனம் இஞ்சை வந்து இறங்கேக்கை சாந்தினிதான் சமைச்சுப் போட்டவள். ஒருத்தரையும் தண்ணி குடுக்காமல் அனுப்பமாட்டாள்," என்றார்.

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊரிலை ஒருக்கால் தாயோடை ஒரு பெரிய வீட்டுக்கு மீன் கொண்டுபோனவள். வெயில். தாய் தண்ணி கேட்டிருக்கிறா. அவை கிளாஸிலை குடுக்கேல்லை, சிரட்டையிலை வாத்தவை. குடிச்ச சிரட்டையை வேலிக்கு வெளியிலை எறியச் சொன்னவை. பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள். அவளுக்குத் தண்ணியெண்டால் உதுதான் ஞாபகம். கை நனைக்கிற வழக்கத்தை ஆர் அக்கா அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறது? தாயும் இல்லை."

வம்சம் விசாரிக்காமல் விமானம் ஏறுகிறவளல்ல நான். எல்லாம் விசாரித்தேன், எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஏறினேன். ஆனால் அது என் மனதுக்குள் இருந்தது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் நான் வேண்டாம் என்று தள்ளிய கிளாஸ்தான்.

வலை மேலே வந்தது. வெள்ளி வெள்ளியாய் மீன் துடித்தது. "நல்ல மீன் அக்கா," என்றார் தம்பிராசா.

"வெள்ளிக்கிழமை," என்று சொல்லி எழும்பினேன். "வீட்டிலை சோறு இருக்குமோ?"

அவர் என்னை விழித்துப் பார்த்தார். நான் நடந்துவிட்டேன்.

ஒழுங்கைக்குள் பாதித் தூரம் போனபோது, எதிரே சாந்தினி வந்தாள். விடுதி வேலைக்குப் போகிறாள். தோளில் சமையல் ஏப்ரன். என்னைக் கண்டதும் நின்றாள். நானும் நின்றேன். இரண்டு பக்கமும் சுவர்.

"உங்கடை பஸ்ஸுக்கு நேரமாகுது அன்ரி. வழி விடுங்கோ, நான் போகவேணும்."

"நான் பின்னுக்குப் போகமாட்டன். நீ திரும்பு."

"ஏன்? அங்காலை எங்கடை வீடு மட்டும்தான் இருக்கு."

"அங்கைதான் வாறன்."

"அங்கை உங்களுக்கு என்ன அலுவல்?"

"பசிக்குது. சாப்பிட வாறன்."

அவள் அசையாமல் நின்றாள். நேற்று அவள் கதவைச் சாத்தியபோது சொல்லாததை அந்தச் சுவர்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். "பெண் பாக்க வந்தவை, ஓம் சொல்லுமட்டும் பெண் வீட்டிலை கை நனைக்கிறேல்லை. ஆரின்ரை வீடெண்டாலும் அப்பிடித்தான். அது உன்னைத் தள்ளி வைக்கிறதில்லை. கை நனைச்சால், ஓம் எண்டு சொன்ன மாதிரி. அதாலைதான் நேற்றுக் குடிக்கேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இண்டைக்குக் குடிக்கிறன். நீ தந்தால்," என்றேன்.

அவள் வழியை மறித்து நிற்கவில்லை. ஆனால் திரும்பவும் இல்லை. முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு, சுவரைக் கையால் தடவித் தடவி, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள். நான் முன்னால் நடந்தேன். ஒழுங்கை முடியும்வரை அப்படியே போனோம்.

வீட்டில் கிளாஸைக் கழுவி, தண்ணீர் நிறைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நான் எந்த வீட்டிலும் அண்ணாந்து குடிக்கிறவள். பெற்ற மகள் வீட்டிலும் அப்படித்தான்; சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அன்று கிளாஸின் விளிம்பில் வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங் கிளாஸை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனவள் வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இண்டைக்குச் சோறும் சொதியும் ஒரு கீரையும்தான்," என்றாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அது காணும்."

சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. சொதியில் பாலும் புளியும் அளவாக இருந்தன. இதையும் சொல்லத்தான் வேண்டும்: கீரையில் உப்புக் கூடிவிட்டது. ஆத்திரத்தோடு சமைத்திருக்கிறாள்.

கையில் மீன் பையோடு தம்பிராசா வாசலில் வந்து நின்றார். நான் அவருடைய மேசையில் இருந்து அவருடைய கோப்பையில் சாப்பிடுவதைக் கண்டார். உள்ளே வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வாசற்படியில் குந்திவிட்டார். கீழே வீதியில் பஸ் ஹோன் அடித்தது. ஒருதரம், பிறகு நீளமாக ஒருதரம்.

"அன்ரி, பஸ்!" என்றாள் சாந்தினி.

"போகட்டும். பின்னேரமும் ஒண்டு இருக்குதாம். சாப்பாட்டிலையிருந்து எழும்பிப் போற பழக்கம் எனக்கில்லை."

பஸ் போன சத்தம் அடங்கியதும் ரெலிபோன் அடித்தது. மோர்னிங்சைட்டில் அப்போதுதான் விடிந்திருக்கும்; வேலைக்குப் போகமுன் குகன் எடுக்கிறான். சாந்தினி எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். வலக்கை சோற்றில் இருந்தது. இடக்கையால் வாங்கினேன்.

"சாந்தினி, அம்மா பஸ் ஏறிட்டாவோ? அம்மா என்ன சொன்னவ? நேற்று நீர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு நித்திரையே இல்லை," என்றான் குகன், மூச்சு விடாமல்.

"பொறடா," என்றேன். "வாய்க்குள்ளை சோறு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இத்தனை வருசப் பனியிலும் வேலையிலும் அவன் அழுது நான் கேட்டதில்லை. நான் மற்றக் கவளத்தைப் பிசைந்தேன்.

சாந்தினி சொதிச் சட்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் விடட்டோ, மாமி?"

வாய் நிறையச் சோற்றோடு, விடு என்று தலையை ஆட்டினேன்.